ஒட்டிக் கட்டிய இரண்டு மைக்குகள்

பாடி முடித்துக் குமுதா வாயை மூடிக்கொண்ட பிறகு, ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

லோகன் சவுண்டு மிக்சரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். மேடையில் அவன் மனைவி மட்டும்தான் நின்றாள். மைக்கை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் அடுத்த கேள்வியைக் கேட்கட்டும் என்று காத்திருக்கும் பிள்ளையைப் போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீபோர்டு வாசிக்கும் நாகையா மேடை ஓரத்தில் ரோட்டி சானாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேல்மூச்சு வாங்கும் உடம்புதான் அவருக்கு. ஆனால் அவருக்கும் அந்த மைக்குக்கும் நடுவில் தாராளமாக ஒரு காரை நிறுத்தலாம்.

"இன்னொரு தடவ பாடு," என்றான் லோகன்.

அவள் பாடினாள். மறுபேச்சு இல்லாமல்.

மண்டபம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. ஜன்னல்களையெல்லாம் மெரூன் வெல்வெட் திரை போட்டு மூடி, பகலை வெளியே நிறுத்தியிருந்தார்கள். மழை பெய்வது காதுக்கு மட்டும்தான் தெரிந்தது. எங்கோ தகரத்தில் ஒரே சீராக விழும் தண்ணீர், மோனோரயில் கடக்கும்போதெல்லாம் தரைக்கு அடியில் ஓடி மறையும் நடுக்கம், ஏர்கோன் குழாயிலிருந்து சொட்டும் ஈரம், அந்த ஈரம் ஊறிய கம்பளத்திலிருந்து நேற்றைய பிரியாணியும் இன்றைய ஊதுவத்தியும் கலந்து எழும் வாடை. இவை எல்லாவற்றையும் ஹெட்போன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. உள்ளே குமுதாவின் குரல் மட்டும். அந்தக் குரலுக்கு அடியில், கம்பளத்துக்கு அடியில் ஊரும் பூச்சியைப் போல, இன்னொன்று.

வார்த்தை புரியவில்லை. மூடிய அறைக்கு அந்தப்புறமிருந்து யாரோ பேசுவதுபோல இருந்தது. குமுதா பாட்டை நிறுத்தினாள். அது ஒரு நொடி கழித்து நின்றது.

லோகனுக்குத் தன் காதைப் பற்றிக் கர்வம் உண்டு. மற்ற உறுப்புகளைப் பற்றி அவன் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. முடி போய்விட்டது, முழங்கால் போய்விட்டது, இடுப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறிய மண்டபமே கட்டலாம். காது மட்டும் பழுதில்லை. கிள்ளானில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் "லோகன் சவுண்டு" என்று கூப்பிடுவது அந்தக் காதை நம்பித்தான். ஆனால் இன்றைக்கு அந்தக் காது சொன்னதை நம்ப அவனுக்கு விருப்பமில்லை.

ஏனென்றால் இன்று குமுதாவின் நாள். போன வருடம் தைராய்டு கட்டியை எடுத்தபோது அவள் குரல் போய்விட்டது. வருடம் முழுக்கக் கிசுகிசுத்தே குடித்தனம் நடத்தினாள். கிசுகிசுத்துக்கொண்டே ஒரு மனிதனைக் கிழித்துத் தோரணம் கட்ட முடியும் என்று லோகன் அந்த வருடத்தில்தான் தெரிந்துகொண்டான். பகலில் திட்டுவாள். இரவில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, சத்தம் வராமல் ஒரு வரியைப் பாடிப் பார்ப்பாள். அந்தச் சத்தமில்லாத பாட்டைத்தான் லோகனால் தாங்க முடியவில்லை. போன மாதம் குரல் திரும்பியது. இன்று மாலை, தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டும் விருந்தில், முந்நூறு பேருக்கு முன்னால் அவள் மறுபடியும் பாடப்போகிறாள்.

டாக்டர் அப்போதே ஒன்று சொல்லியிருந்தார். நரம்பு பலவீனமாகியிருக்கிறது, குரல் திரும்பினாலும் சில பேருக்கு ஒரே தொண்டையிலிருந்து இரண்டு சத்தம் சேர்ந்து வரும். அதைக் குமுதாவிடம் லோகன் சொல்லவில்லை.

சவுண்டு வேலையில் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். மாற்றிப் பார்ப்பது. கேபிளை மாற்று, சத்தம் கேபிளோடு போனால் கேபிள்தான் குற்றவாளி. மைக்கை மாற்று. சேனலை மாற்று. கோளாறு எதோடு போகிறதோ அதுதான் கோளாறு.

கேபிளை மாற்றினான். அடிக்குரல் அப்படியே இருந்தது. வேறு மைக் கொடுத்தான். இருந்தது. மிக்சரில் நான்காம் சேனலிலிருந்து ஒன்பதுக்கு மாற்றினான். அங்கேயும் வந்து உட்கார்ந்தது. ஏர்கோனை அணைக்கச் சொன்னான், விளக்குகளை அடைக்கச் சொன்னான், நாகையாவின் கீபோர்டைப் பிடுங்கினான், அவருடைய கைப்பேசியையும் பிடுங்கினான்.

"ரோட்டியை விட்டுட்டியே லோகா. அதுலயும் கரண்ட் வருதான்னு பாரு," என்றார் நாகையா.

"அண்ணே, உங்க காதுல ஒண்ணும் கேக்கலையா?"

"எனக்கு என் பொண்டாட்டி கூப்பிட்டாலே கேக்காது. அது ஒரு வரம் லா."

விருந்தை ஏற்பாடு செய்யும் புனிதா, பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். அவளை மேடைக்கு அழைத்தான்.

"நானா? ஐயோ அண்ணே, நான் பேசினா கூட்டம் எந்திரிச்சு ஓடிரும்."

"கூட்டம் இன்னும் வரல. பேசு."

புனிதா மைக்கைப் பிடித்து, "ஹலோ, ஹலோ, ஆட்டுக்கறி பத்தலன்னா தயவுசெஞ்சு என்னைக் கேக்காதீங்க," என்றாள். கண்ணாடி போல இருந்தது. நாகையாவைப் பேசச் சொன்னான். ரோட்டி மெல்லும் சத்தம்கூடச் சுத்தமாக விழுந்தது. அதே மைக், அதே கேபிள், அதே சேனல். குமுதாவின் கையில் கொடுத்தான்.

வந்துவிட்டது.

மைக்கோடு போகவில்லை. கேபிளோடு போகவில்லை. அவளோடு போகிறது.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். டாக்டர் சொன்னதுதான். ஒரே தொண்டை, இரண்டு சத்தம். வேறென்ன? அவன் வேறெதையும் நினைக்க விரும்பவில்லை. ஆனால் கை தானாகக் கெயின் குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றியபோது, அடிக்குரலும் சேர்ந்து எழுந்தபோது, அதில் ஒரு அவசரம் இருப்பது தெரிந்தது. பாட்டின் தாளத்தோடு அது சேரவில்லை. பாடுகிற தொண்டையின் இரண்டாவது சத்தம் பாட்டைத்தானே பாட வேண்டும்? இது பாடவில்லை. பேசிக்கொண்டே இருந்தது.

குரல் திரும்பிய நாள் அவனுக்கு நினைவு வந்தது.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பு வீடு. மாரியாயி என்ற அம்மாளின் கருமாதி. கோயிலில் பாடிக்கொண்டிருந்தவராம், வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் விழுந்து, பல வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஊமையாகவே போய்ச் சேர்ந்தார். "எங்கம்மாவுக்குப் பாட்டுன்னா உசுருங்க," என்று மகன் முகுந்தன் தேவாரம் பாட ஒலிபெருக்கி கேட்டிருந்தார். குமுதா உதவிக்கு வந்திருந்தாள். லோகன் எந்த மைக்கையும் "செக் செக்" என்று சோதிப்பதில்லை. அவன் கல்யாண வீட்டு ஆள். "வாங்க வாங்க, உள்ள வாங்க, வந்து உக்காருங்க" என்பதுதான் அவனுடைய சோதனை. அன்றைக்கும் அதையே குமுதாவைச் சொல்லச் சொன்னான்.

அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "யோவ் சவுண்டு, புத்தி இருக்கா? சாவு வீட்டுல யாராச்சும் வாங்கன்னு சொல்லுவாங்களா?"

"நான் என்ன ஆளையா கூப்பிடச் சொன்னேன்? மைக்கு டெஸ்ட்டு. மைக்குக்குச் சாவும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. சொல்லுடி, நேரமாச்சு."

மைக் ஸ்டாண்டு மாலை போட்ட மாரியாயி படத்தைப் பார்த்து நின்றது. குமுதா படத்தைப் பார்த்தபடியே அந்தக் கிசுகிசுப்பில் சொன்னாள். வாங்க வாங்க. உள்ள வாங்க. வந்து உக்காருங்க. பந்தலில் பேச்சு நின்றது. ஒரு கிழவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் தேவாரத்துக்கு ஆள் வரவில்லை என்று குமுதாவையே கேட்டார்கள். அவள் சும்மா வாயைத் திறந்தாள்.

குரல் வந்தது. முழுசாக. முன்னைவிட நன்றாக.

லோரியில் திரும்பும்போது இருவரும் அழுதார்கள். அன்றிலிருந்து வீட்டில் அமைதி. அவள் திட்டுவதில்லை. கிண்டல் இல்லை. சொன்னதைக் கேட்டாள். வைத்ததைச் சாப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக நிம்மதி. எந்தப் புருஷன் இதைப் போய் யாரிடம் புகார் கொடுப்பான்?

"கோப்பி," என்ற குரல் கேட்டு லோகன் துள்ளி விழுந்தான். குமுதா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். வந்த சத்தம் அவன் காதுக்குக் கேட்கவே இல்லை. இடது கையில் கோப்பிக் குவளை இருந்தது. வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது, விரல்கள் உள்ளே சுருண்டு.

"கை வலிக்குதா?"

"பழகிருச்சு."

"எதுக்குடி ஒரு மாதிரி நிக்கிற? பயமா இருக்கா?"

அவள் மேடையிலிருந்த மைக்கைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பசி இருந்தது. "இது நல்லாருக்கு," என்றாள். "இதுல பேசினா எல்லாருக்கும் கேக்கும். கேக்காத மாதிரி யாரும் போக முடியாது." பிறகு அவன் தோளைத் தட்டினாள். "சீக்கிரம் சரி பண்ணுங்க, தம்பி."

லோகன் சிரித்தான். "தம்பியா? இதுக்கு முன்னாடி என்னைக் கழுதைன்னுகூடக் கூப்பிட்டிருக்க. இது புதுசு லா."

அவள் சிரிக்கவில்லை. மேடைக்குத் திரும்பிப் போனாள். வலது கால் கம்பளத்தில் லேசாக இழுபட்டது.

அவன் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, எடுக்க மறந்த விலைச்சீட்டுப் போல. செருப்பு வார் அறுந்திருக்கும். பயத்தில் வாய் தவறியிருக்கும். விருந்தாளிகள் வர நேரமாகிவிட்டது. யோசிக்க நேரமில்லை. வேலை செய்கிறவனுக்கு அது ஒரு பெரிய வசதி.

கடைசியாக ஒரு வழி இருந்தது. பழைய தந்திரம். இரண்டு மைக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்ட வேண்டும். பாடுகிறவர் முன் மைக்கில் மட்டும் உதட்டை வைத்துப் பாட வேண்டும். பின் மைக்கின் சேனலில் சத்தத்தைத் தலைகீழாக்கும் பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். தூரத்திலிருந்து வருவது எதுவானாலும் இரண்டு மைக்கிலும் சமமாக விழும்; நேரும் தலைகீழும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். உதட்டருகே இருப்பது மட்டும் பிழைத்து வெளியே வரும்.

கிட்டே இருப்பவர் குரல் கேட்கும். எட்ட இருப்பவர் அழிந்துபோவார்.

கறுப்பு டேப்பைச் சுற்றி மைக்குகளை ஸ்டாண்டில் பொருத்தினான். அவள் வந்து நின்றாள். சொல்லாமலே முன் மைக்கின் வலையில் உதட்டை வைத்தாள். முத்தம் கொடுப்பதுபோல.

பாடினாள். அடிக்குரல் எழுந்தது. முன்னைவிட வேகமாக, மேலே மேலே, கதவைத் தட்டுகிறவன் கையை விட்டுத் தோளால் இடிப்பதுபோல. லோகன் பட்டனை அமுக்கினான்.

நின்றது. பாதி வார்த்தையில், வெட்டியதுபோல.

மண்டபத்தில் குமுதாவின் குரல் மட்டும் நிறைந்தது. இழை இழையாக, தேன் போல, மாசே இல்லாமல். பரிமாறுகிற பையன்கள் தட்டுகளோடு நின்றுவிட்டார்கள். புனிதா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். லோகன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தான். ஜெயித்துவிட்டான். அவள் பாடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது.



*

விருந்து நிரம்பியது. நாற்காலி இழுபடும் சத்தம், கரண்டிகள், குழந்தைகள், வாசனைத் தைலம், கறி வாசனை, ஈரக்குடை வாடை. பேச்சுகள் முடிந்தன. விளக்குகள் மங்கின. குமுதா மைக்குகளுக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் பாட்டிலேயே முந்நூறு பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அக்கா வாய்ஸ் பெஸ்ட் லா அண்ணே," என்று புனிதா குனிந்து சொல்லிவிட்டுப் போனாள். லோகன் தலையாட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஒவ்வொரு சேனலையும் தனியாகக் கேட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். ஹெட்போனை மாட்டினான். கீபோர்டு, சுத்தம். தபலா, சுத்தம். முன் மைக், சுத்தம்.

பின் மைக்.

கரண்டிகள். யாரோ இருமுகிறார்கள். பாட்டு, கொஞ்சம் தள்ளி. அதற்கும் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, கிசுகிசுப்பாக, மூச்சுத் திணறி,

"...காலையிலேருந்து கத்துறேன். உனக்குக் காது இருக்கா இல்லையா? நாலாம் சேனல்ல கத்தினேன். ஒன்பதுல கத்தினேன். நீ ஒண்ணொண்ணா மூடிக்கிட்டே வர்ற. ஊரெல்லாம் காதுன்னு பீத்திக்குவியே, உன் பொண்டாட்டி குரல் தெரியல உனக்கு? யோவ் சவுண்டு. யோவ்."

அறுவைக்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க அவன் கேட்ட கிசுகிசுப்பு.

மேடையில் தேன் போலப் பாடிக்கொண்டிருந்தது அவள் இல்லை.

லோகன் மேடைக்குப் பேசும் பட்டனைத் தேடி அமுக்கினான். "குமுதா," என்றான். "குமுதா, எங்கடி இருக்க?"

மேடையில் அவன் குரல் மானிட்டர் ஸ்பீக்கரில் விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவள் பாட்டை விடாமல், மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். புன்னகைத்தாள்.

"ஐயோ, அதுல பேசாதே! அதுக்கும் கேக்கும்," என்றது ஹெட்போன். "இங்க இருட்டா இருக்குங்க. அது பாடப் பாட என்னைப் பின்னால தள்ளுது. வீட்டுல கத்தினா உங்களுக்குக் கேக்கல. மைக்கு இருக்கிற எடத்துலதான் கேக்குது. இது வழியாத்தான் மூச்சு விடுறேன். அணைச்சிராதீங்க."

பின் மைக்கின் தலைகீழ் பட்டனை எடுத்துவிட்டான். இரண்டு மைக்கின் சத்தமும் ஒன்றாக ஸ்பீக்கரில் விழுந்தது. மேடையில் அந்த உதடுகள் வலையை இன்னும் இறுக்கிப் பிடித்தன. பாட்டு பெருகிக் கிசுகிசுப்பை விழுங்கியது. முன் மைக்கின் சத்தத்தை முழுக்க இறக்கினான். ஸ்பீக்கரில் பாட்டு நின்றது.

மண்டபத்தில் நிற்கவில்லை.

ஒலிபெருக்கி இல்லாமல், அந்தக் குரல் கடைசி மேசை வரைக்கும் போனது. சுவர்களிலிருந்து வந்தது. கூட்டம் இதையும் கலை என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டியது. நாகையா கண்ணீரோடு வாசித்துக்கொண்டிருந்தார். லோகன் பின் மைக்கின் கெயினைக் கடைசி வரை திருகினான். முந்நூறு பேரின் கைதட்டலும் மழையாக அவன் காதில் கொட்டியது. அதற்கு அடியில் அவள். மெலிந்து. மெலிந்து.

"பேசிக்கிட்டே இருடி," என்று ஹெட்போனுக்குள் கெஞ்சினான். பட்டனை அமுக்காமல். அவளுக்குக் கேட்காது. தெரிந்தும் கெஞ்சினான். "திட்டுடி. திட்டு."

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு. அதற்கடுத்த பாட்டு.

*

கூட்டம் கலைந்தது. நாகையா கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன லோகா, கேபிள் சுத்தலையா? முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"நீங்க போங்கண்ணே."

"இன்னைக்கு அசத்திட்டா உன் பொண்டாட்டி." அவர் போய்விட்டார்.

வெறும் மேடை. ஸ்டாண்டில் ஒட்டிக் கட்டிய இரண்டு மைக்குகள். அவற்றின் முன்னால் யாரும் இல்லை. ஆனால் ஹெட்போனில் மூச்சு இருந்தது. சின்னதாக. இருந்தது. பாட்டு நின்றதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தது.

வாசல் படியில் காலை இழுக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. அவன் திரும்பவில்லை. அவள் பின்னால் வந்து நின்றாள். குமுதாவின் புடவை, குமுதாவின் வளையல். வாசனை மட்டும் அவளுடையதில்லை: திருநீறு, பழைய மெத்தை, வருடக்கணக்காகத் திறக்காத அறை.

"கிளம்பலாம், தம்பி," என்றாள் காதருகே. "வீடு எனக்குத் தெரியும்."

இடது கை அவன் தோளுக்கு மேலாக நீண்டு, மிக்சரின் பவர் ஸ்விட்சை நோக்கி இறங்கியது. லோகன் அதன்மேல் விழுந்தான். ஸ்விட்சின்மேல் கையைப் பொத்தி, கையின்மேல் மார்பை அழுத்தி, அந்தப் பெரிய வயிற்றால் மிக்சரையே மூடிக்கொண்டான். குளிர்ந்த விரல்கள் அவன் விரல்களுக்கு நடுவே புகப் பார்த்தன. அவசரமில்லாமல். ஒவ்வொன்றாக.

வாசலில் புனிதா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இன்னும் முடியலையா? மண்டபத்துக்காரர் மெயின் ஸ்விட்ச அடைக்கக் கீழ போயிட்டார் லா. அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"புனிதா! நிறுத்தச் சொல்லு! அடைக்க வேணாம்னு சொல்லு!"

"போன்லயா? அவர் எடுக்கவே மாட்டாரண்ணே. இருங்க, நான் போறேன்." லிஃப்டின் கதவு மூடியது. அது எவ்வளவு மெதுவான லிஃப்ட் என்று சாமான் ஏற்றிய லோகனுக்குத் தெரியும்.

எழுந்து ஓடலாம். ஓடினால் இந்தக் கை ஸ்விட்சை அணைத்துவிடும்.

"என்னங்க," என்றது ஹெட்போன். இப்போது தெளிவாக. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. "யாரு கத்துறது? அங்க என்ன நடக்குது?"

லோகன் ஒரு விரலை மட்டும் விடுவித்து, மேடைக்குப் பேசும் பட்டனை அமுக்கினான். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டான். "ஒண்ணுமில்லடி. சாமான் கட்டுறாங்க. நீ பேசிக்கிட்டே இரு."

"பொய் சொல்றீங்க. உங்களுக்குப் பொய் சொல்லவே வராது."

கீழே, எங்கோ, ஸ்விட்சுகள் இருக்கும் இரும்புப் பெட்டியின் கதவு திறந்தது. மேடை விளக்கு அணைந்தது. பிறகு முன்வரிசை மேசைகளின் விளக்கு. பிறகு அதற்கடுத்த வரிசை. இருட்டு ஒவ்வொரு வரிசையாகக் கம்பளத்தின்மேல் நடந்து அவனை நோக்கி வந்தது. அவன் முதுகின்மேல் சாய்ந்தபடி அந்தப் பெண் சன்னமாக முனக ஆரம்பித்தாள். முனகலின் அதிர்வு குமுதாவின் மார்புக்கூட்டிலிருந்து அவன் எலும்புக்குள் இறங்கியது.

"என்னங்க, லைட்டு ஒண்ணொண்ணா அணையிற சத்தம் கேக்குதே," என்றாள் குமுதா.

அடுத்து, மிக்சர் இருக்கும் வரிசை.